ஏழு பேரில் ஆறு பேர்

ஓர் ஊரில் ஒரு டென்னிஸ் கிளப் இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லீக் நடக்கும். ஆடுகிறவர்கள் எல்லாம் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஆசைக்கு ஆட வருகிறவர்கள்தான். அந்த வருடம் ஓர் அணிக்கு செண்பகவல்லி கேப்டன் ஆனாள். அவள் மாட்டு டாக்டர். கேப்டன் வேலை அவளுக்குப் புதிது.

அணியில் ஏழு பேர். ஒரு நாளைக்கு மூன்று இரட்டையர் ஆட்டம். ஆக, ஆறு பேருக்குத்தான் இடம். உட்காரப்போவது யார் என்று கேப்டன்தான் முடிவு செய்து பட்டியல் எழுதவேண்டும்.

முதல் வாரம் அவள் தன் பெயரை விட்டுவிட்டு மற்ற ஆறு பேரை எழுதினாள். அணி தோற்றது. அடுத்த வாரமும் அப்படியே எழுதினாள். மறுபடியும் தோல்வி. இன்னொரு முறை தோற்றால் லீக்கை விட்டு வெளியே போகவேண்டியதுதான்.

மூன்றாம் ஞாயிறு காலை, கோர்ட் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தாள். பைக்குள்ளிருந்து அவளுடைய டென்னிஸ் மட்டை தலையை நீட்டியது.

"இன்னைக்காவது நம்ம பேரு உண்டா?"

"கிடையாது" என்றது அவள் கையிலிருந்த பேனா. "கேப்டன்னா விட்டுக்கொடுக்கணும். அதுக்குப் பேரு பெருந்தன்மை."

"பெருந்தன்மையா? ஜெபராஜ் அண்ணாச்சிகிட்ட 'இன்னைக்கு உட்காருங்க'ன்னு சொல்ல பயம். அந்த பயத்துக்கு நீ நல்ல பேரு வச்சிருக்கே."

"அண்ணாச்சி நம்ம அணியில இருபது வருஷமா ஆடுற ஆளு. அவரை எப்படி வெட்டுறது?"

"அவரு வலது காலை ஊன்ற முடியாம நொண்டுறதை நீ பார்க்கலையா?"

"நான் காகிதத்தை மட்டும்தான் பார்ப்பேன்" என்றது பேனா. "காலைப் பார்த்தது இவ."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. தொழுவத்தின் வாசலில் நின்றே எந்த மாடு நொண்டுகிறது என்று சொல்லிவிடுகிறவள் அவள். ஜெபராஜின் முட்டியை முதல் வாரமே கவனித்துவிட்டாள். வாயைத் திறக்கவில்லை.

அவள் பேனாவை அழுத்திப் பிடித்தாள். ஜெபராஜ் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். நேராக அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க ஆடவேண்டாம்."

"யாரு, நானா?" ஜெபராஜ் சத்தமாகச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "நீ பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து இந்த கோர்ட்ல ஆடுறேன், தெரியுமா?"

"தெரியும். உங்க முட்டி வீங்கியிருக்குறதும் தெரியும். முதல் வாரமே சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு. அதுக்காக இன்னைக்கும் சொல்லாம இருக்க முடியாது."

ஜெபராஜ் முகம் கறுத்தது. தன் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். வெளியே போகவில்லை. கம்பிவேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

இரண்டு அணிகளும் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தபின், மூன்றாவது ஆட்டம் பாக்கி. செண்பகவல்லியும் அவளுடைய ஜோடியான ரஹ்மத் டீச்சரும் இறங்கினார்கள். செண்பகவல்லி முதல் இரண்டு சர்வீஸையும் வலையில் அடித்தாள்.

"பாரு, கெட்டது" என்றது பேனா, பெஞ்சிலிருந்து.

"பொறு, இப்பதானே வெளியே வந்திருக்கேன்" என்றது மட்டை.

அப்போது வேலிப் பக்கமிருந்து ஒரு கத்தல் வந்தது. "ஏ செண்பகம்! அந்த உயரமான ஆளுக்கு இடது பக்கம் போடு. அவனுக்கு அது வராது!"

போட்டாள். அவனுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவள் தயங்கவே இல்லை. கடைசிப் பந்தை ரஹ்மத் டீச்சர் ஓடிப்போய் மூலையில் வைத்தார். அணி ஜெயித்தது.

ஜெபராஜ் நொண்டியபடியே உள்ளே வந்தார். இந்த முறை அதை மறைக்கவில்லை. "முட்டி எத்தனை வாரத்துல சரியாகும், டாக்டர்?" என்று கேட்டார்.

"மாடுன்னா மூணு வாரம். உங்களுக்கு எலும்பு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்கே போங்க."

ஜெபராஜ் முட்டி குணமாகித் திரும்பி வந்த ஞாயிறு அவள் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது, ரஹ்மத் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்குத் தோள் ஒரு மாசமா வலிக்குது. இந்த வாரம் என்னை விட்டுடும்மா."

அதுவரை அந்த அணியில் யாரும் தானாக வந்து எந்தக் கேப்டனிடமும் வலி என்று சொன்னதே இல்லை.