செல்லோவுக்குள் குடியிருந்த ஓநாய்

முன்னொரு காலத்தில் ஒரு செல்லோவுக்குள் ஓர் ஓநாய் குடியிருந்தது.

செல்லோ என்றால் வயலினுக்குப் பெரிய அக்கா. தோளில் ஏற்ற முடியாத உடம்பு. அதனால் வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டுதான் வில் போடவேண்டும். இந்தச் செல்லோவுக்கு அருமையான குரல். கேட்பவர்களுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரத் தோன்றும்.

ஆனால் ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் வம்பு. தடித்த தந்தியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் விரல் வைத்து வில்லை இழுத்தால், உள்ளேயிருந்து 'உர்ர்ர்' என்று ஓர் உறுமல் வரும். வாத்தியக்காரர்களே அதை ஓநாய் என்றுதான் சொல்வார்கள். பல செல்லோக்களுக்குள் அது உண்டு. நம் செல்லோவோ, உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த உறுமலால் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வாங்கியவர் வாங்கிய கையோடு கடைக்குத் திருப்பிவிட்டார். அடுத்தவர் பெட்டியில் போட்டுப் பூட்டி அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டார். அந்த இருட்டில் அது வருஷக்கணக்கில் கிடந்தது. கடைசியில் ஜெபசீலி என்ற பெண் அதை எடுத்துத் துடைத்து, தந்தியின் அடிப்பகுதியில் ஒரு சின்னப் பித்தளைக் குழாயை மாட்டினாள். ஓநாய் வாயை மூடிக்கொண்டது. ஜெபசீலி பேர் வாங்கினாள். செல்லோவும் நிம்மதியாக மூச்சு விட்டது.

அப்படியிருக்க, சென்னையில் ஒரு பெரிய அரங்கில் சிம்பொனிக் கச்சேரி ஏற்பாடாயிற்று. மேடை நிறைய வாத்தியங்கள்; ஒரு பக்கம் வயலின்கள், இன்னொரு பக்கம் செல்லோவையும் விடப் பெரிய, அடிக்குரல் கொண்ட டபுள் பாஸ்கள். குழுவை நடத்த யாழ்ப்பாணத்திலிருந்து அருளானந்தம் என்பவர் விருந்தினராக வந்திருந்தார். நடுவில் தனி நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க ஜெபசீலி.

கச்சேரியன்று காலை, ஒத்திகைக்காகச் செல்லோவை வெளியே எடுக்கும்போது பித்தளைக் குழாய் கழன்று விழுந்தது. உருண்டு, மேடைப் பலகை இடுக்கில் இறங்கி, போயே போய்விட்டது.

"போச்சு!" என்றது செல்லோ.

"எனக்கென்னவோ விடிஞ்ச மாதிரி இருக்கு," என்றது ஓநாய் உள்ளேயிருந்து, சோம்பல் முறித்தபடி.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், இன்னிக்கு மட்டும் கத்தாதே. ரெண்டாம் பகுதியில அந்த ஸ்வரத்துலதான் ரொம்ப நேரம் நிக்கணும். ஊரே கேக்கும். நீ உறுமினா இவளும் என்னைப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவா."

"நான் எங்க கத்துறேன்? நீதான் என்னைக் கத்த வைக்கிற."

"திமிரைப் பாரு!" என்ற செல்லோ, வில்லைக் கூப்பிட்டது. "அந்த இடம் வந்தா பட்டும் படாம போயிடு. தூங்குறவன் தூங்கட்டும்."

"போறேன். ஆனா எனக்குப் பிடிமானம் இருக்காதே," என்றது வில்.

"சொன்னதைச் செய்!"

ஜெபசீலியும் அதே முடிவில்தான் இருந்தாள். யாரிடமும் சொல்லாமல் எப்படியாவது தாண்டிவிடவேண்டும். அவள் கையும் இளகிற்று.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. வில் ஊர்ந்தது. அருளானந்தம் குச்சியைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"பிள்ளை நல்ல மெல்லிசா வாசிக்கிறா. நீங்கள்தான் அவவை மூடிப்போடுறியள். கொஞ்சம் குறையுங்கோ."

குழு குறைத்தது. சுற்றிலும் சத்தம் அடங்க அடங்கச் செல்லோ மட்டும் தனியாகக் கேட்டது. ஒளிந்துகொள்ள இருந்த இடமும் போயிற்றே! "இன்னும் மெதுவா," என்று வில்லை அதட்டியது. வில் இன்னும் இளைத்தது. அருளானந்தம் மறுபடி தட்டினார்.

"பாருங்கோ, அவ இன்னும் குறைச்சிட்டா. வயலின் ஆக்கள், மூச்சும் விடாதையுங்கோ. டபுள் பாஸ் அந்த இடத்தில வாசிக்கவே வேண்டாம்."

"சார், அது வந்து..." என்றாள் ஜெபசீலி.

"ஓம் பிள்ளை, சொல்லுங்கோ."

"ஒண்ணுமில்ல சார். நல்லாயிருக்கு."

ஓநாய் லேசாகத் தொண்டையைச் செருமிப் பார்த்தது. ஏசி இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அந்த நல்ல மனிதரோ மரியாதையோடு செல்லோவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் பகுதி ஜம்மென்று போயிற்று. இரண்டாம் பகுதியில் அந்த இடம் நெருங்கியது. அருளானந்தத்தின் இடதுகை தாழத் தாழக் குழு முழுவதும் அடங்கியது. டபுள் பாஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. எங்கோ ஒருவர் வந்த இருமலை விழுங்கினார். அந்த நிசப்தத்தில் வில் ஊர்ந்தது.

உர்ர்...

முன்வரிசையில் ஓர் அம்மாள் தன் செல்போன்தான் அதிர்கிறது என்று நினைத்து அவசரமாகக் கைப்பையைத் திறந்தார். செல்லோவுக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"குறை! குறை!" என்று பதறியது.

"இன்னும் எங்க குறைக்கிறது?" என்றது வில். "இதுக்குக் கீழ சத்தமே கிடையாது. ஒண்ணு, நின்னுடணும். இல்லேன்னா அழுத்தணும். சீக்கிரம் சொல்லு!"

நின்றால் பெட்டிதான். உறுமினாலும் பெட்டிதான். எப்படியும் பெட்டி என்று ஆனபிறகு இன்னும் எதற்குப் பயந்து சாவது? செல்லோவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"அழுத்து!"

வில் முழுக் கனத்தோடு இறங்கியது. ஜெபசீலியின் முழங்கால்கள் இரண்டு பக்கமும் இறுகின, ஓடப்பார்க்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி. ஓநாய் துள்ளி எழுந்தது. எழுந்ததைச் செல்லோ தன் மரம் முழுக்க உணர்ந்தது. உணர்ந்தும் விலகவில்லை, அந்த ஸ்வரத்திலேயே நின்றது. ஆழமாக, கரகரப்பாக, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. தன்னிடம் இப்படி ஒரு குரல் இருப்பது இத்தனை காலமும் அதற்கே தெரியாது.

அருளானந்தம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒத்திகையில் இல்லாத சமாசாரம். ஆனால் அவர் காதுள்ள மனிதர். தாழ்ந்திருந்த கையை அப்படியே மேலே தூக்கினார். வாயைப் பொத்தியிருந்த டபுள் பாஸ்கள் அந்தக் கையை நம்பி இறங்கின. பின்னாலேயே வயலின்கள் வந்தன. செல்லோ அவற்றின்மேல் சாய்ந்துகொண்டது. அப்பாடா! நெஞ்சுக்குள் இருந்த கல் கரைந்து போனதுபோல் இருந்தது.

கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. மேடைக்குப் பின்னால் அருளானந்தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன பிள்ளை, இதைக் காலமை ஏன் ஒளிச்சு வச்சனீங்கள்?"

"பயம் சார். இதுக்குள்ள ஒரு ஓநாய் இருக்கு. சொன்னா வேற யாரையாவது உட்கார வெச்சிடுவீங்களோன்னு..." சொல்லிக்கொண்டே ஜெபசீலி சிரித்துவிட்டாள். கண்ணும் கலங்கியிருந்தது.

"நல்ல கதை! சொல்லியிருந்தா காலமையே டபுள் பாஸை உங்களுக்குப் பக்கத்துணையா விட்டிருப்பனே."

இவளுக்கும் அதே பயமா என்று செல்லோவுக்கு ஆச்சரியம். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில், ஒருவருக்கொருவர் தெரியாமல் நடுங்கியிருக்கிறார்கள். அவள் துணியால் அதன் நெஞ்சைத் துடைத்து, அதே இடத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். இவள் தன்னை விடமாட்டாள் என்று அந்தக் கையிலேயே தெரிந்தது.

மனசு லேசானதும் செல்லோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெல்ல உள்ளே குரல் கொடுத்தது.

"ஆமா, கடைசியில நீ ஏன் கத்தாம விட்டுட்ட?"

"கத்தினேனே," என்றது ஓநாய். "நீ ஓடாம என்கூட நின்ன. ஊரு அதைப் பாட்டுன்னு கேட்டுச்சு."