சம்பந்தியைத் தலையில் தூக்கி வைத்த ஊர்

மந்தம்பட்டிக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களோடு பழகுவதில் உள்ள ஒரே கஷ்டம் அதுதான்.

அந்த ஊர் தீர்த்தகிரிக்கு வேடியம்மாள் என்று ஒரே மகள். லட்சணமான பெண், சுறுசுறுப்பானவள். வரன்களும் வரத்தான் செய்தன. முதலில் வந்த வீட்டார், "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். தீர்த்தகிரி மகளைக் கூப்பிட்டு, வாய்க்கு நேரே விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "சும்மா இருந்தா மூணு விரல்கடை, சிரிச்சா நாலு" என்றார். அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அடுத்து வந்தவர், "இந்தப் பக்கமா வந்தோம், தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு நுழைஞ்சோம்" என்றார். ஊரே கூடி அவர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பின்பக்கம் வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது என்று ஒருமனதாகத் தெரிவித்தது. அவரும் திரும்பி வரவில்லை.

"இனிமே யாராவது பொண்ணு பாக்க வந்தா நான் பட்டுச்சேலை கட்ட மாட்டேம்பா. ஒவ்வொரு தடவையும் மடிச்சு வைக்கிறது நான்தானே?" என்றாள் வேடியம்மாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தீர்த்தகிரிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தரகர் அங்கமுத்து கர்நாடகத்துப் பக்கம் ஒரு வரன் கொண்டுவந்தார். அப்பா பெயர் நஞ்சுண்டப்பா, பையன் புட்டசாமி. நிலபுலம் உள்ள குடும்பம்.

"அவங்க கன்னடம். கொஞ்சம் கொஞ்சம் தமிழ் வரும்" என்றார் அங்கமுத்து. "ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு பேச்சு வழக்கு உண்டு. வார்த்தை ஒண்ணு இருக்கும், அர்த்தம் வேற இருக்கும். புரியுதா? வந்ததும் 'பன்னி, பன்னி'ன்னு கூப்பிடுங்க. அவங்க பாஷையில 'வாங்க, வாங்க'ன்னு அர்த்தம். கண்டபடி வார்த்தையை விட்டுடாதீங்க. காதுல பூ சுத்தாதீங்க. முக்கியமா, நஞ்சுண்டப்பாவைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுங்க. மத்ததெல்லாம் தானா நடக்கும்."

இதைச் சொல்லிவிட்டு, வேறு ஊரில் ஒரு நிச்சயதார்த்தம் இருக்கிறது என்று தரகர் பஸ் ஏறிவிட்டார்.

தீர்த்தகிரி தன் சித்தப்பா பச்சமுத்துவையும் மச்சான் மாதையனையும் உட்காரவைத்து ஆலோசனை செய்தார்.

"வீட்டுக்கு வர்ற மனுசனைப் பன்னின்னு எப்படி மாமா கூப்பிடறது?" என்றார் மாதையன். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பச்சமுத்து நெடுநேரம் யோசித்தார். "அவங்க பாஷையில அது மரியாதை. நம்ம பாஷையில மரியாதைக் குறைவு. அதனால நம்ம பங்கு மரியாதையை நாமதான் கூடச் சேக்கணும். 'பன்னி அவர்களே'ன்னு சொல்லிடலாம்."

எல்லோருக்கும் மனசு லேசாயிற்று.

"வார்த்தையை விடக் கூடாதுன்னாரே?" என்றார் மாதையன்.

"வாயைத் துண்டால கட்டிக்கிட்டா எப்படி வெளியே போகும்? தீர்த்தகிரி மட்டும் பேசட்டும்."

"காதுல பூ?"

"சுத்தக் கூடாதுன்னுதான் சொன்னார். செருகறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போ வந்து நின்றது. மந்தம்பட்டியே கைகூப்பி, "பன்னி அவர்களே! பன்னி அவர்களே!" என்று முழங்கியது. நஞ்சுண்டப்பா முதல் சொல்லைக் கேட்டு முகம் மலர்ந்தார். இரண்டாவது சொல் காதில் விழுந்ததும் மலர்ந்தது பாதியில் நின்றது. அதற்குள் ஊரார் எல்லோரும் துண்டை எடுத்து வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். மாதையன் பேசாமல் முன்னால் வந்து, இறங்கிய ஒவ்வொருவர் காதிலும் ஒரு செண்டுமல்லியைச் செருகினார்.

காதில் பூ வைப்பது என்றால் கன்னடத்திலும் ஏமாற்றுவது என்றுதான் அர்த்தம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

நஞ்சுண்டப்பா பூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஊருல ஏதாவது காய்ச்சலா? எல்லாரும் வாய் கட்டியிருக்காங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. உங்களுக்காகத்தான்" என்றார் தீர்த்தகிரி.

மாப்பிள்ளைப் பையன் புட்டசாமி வாட்டசாட்டமாக இருந்தான். ஆனால் வலது கண்ணை மூடியே வைத்திருந்தான். தீர்த்தகிரிக்குத் துணுக்கென்றது. வேடியம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்றபோதும் அவன் அந்தக் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்த கண்ணை அவளை விட்டு எடுக்கவும் இல்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தீர்த்தகிரி விழுங்கிக்கொண்டார்.

பேச்சு ஆரம்பித்தது. நஞ்சுண்டப்பா தணிந்த குரலில், "முந்தி ரெண்டு இடம் வந்துதாமே. அவங்க கை கொட்ரா?" என்றார்.

கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்களா என்று அவர் கேட்டார். கன்னடத்தில் கை கொடுப்பது என்றால் அதுதான். தீர்த்தகிரிக்கு அது உதவி செய்தார்களா என்று கேட்டதாகப் பட்டது.

"அவங்க கை கொடுக்கலீங்க. நாங்கதான் கை கொடுக்கற பரம்பரை" என்றார் பெருமையோடு. "எங்க அப்பா ஊருக்கே கை கொடுத்தவர். என் தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாருக்குத் தாலி கட்டற நேரத்துல கை கொடுத்தோம். பாவம், அழுதே போட்டாங்க. உங்களுக்கும் அப்படித்தான். நீங்க கேக்கவே வேண்டாம், நாங்களா வந்து கை கொடுப்போம்."

நஞ்சுண்டப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைத் தீர்த்தகிரி பார்த்தார். போன தடவைகளிலும் எழுந்துபோவதற்கு முன்னால் வந்தவர்களின் முகம் இப்படித்தான் ஆயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு யோசனைதான்.

"மச்சான், தூக்குங்க!" என்று கத்தினார்.

மாதையனும் பச்சமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நஞ்சுண்டப்பாவை அலாக்காகத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். கொண்டாட வேண்டும் அல்லவா? தப்பட்டையும் முழங்கியது. வாயில் துண்டோடு நாலு பேர் அவரைச் சுமந்துகொண்டு ஆடினார்கள்.

"பிட்றோ! பிட்றோ!" என்று அலறினார் நஞ்சுண்டப்பா. விடுங்கடா என்று கன்னடத்தில் அர்த்தம்.

"பிடிக்கச் சொல்றாரு. நல்லாப் பிடிங்க!" என்றார் தீர்த்தகிரி. இறுக்கிப் பிடித்தார்கள். அவர் கத்தக் கத்தப் பிடி இறுகியது. தெரு முனை வரை போய்த் திரும்பி, பச்சமுத்துவுக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் இறக்கினார்கள்.

கீழே இறங்கிய மனிதர் வேட்டியைச் சரிசெய்யக்கூடக் காத்திருக்கவில்லை. மகனைப் பார்த்து, "ஈ ஊரல்லி ஒந்து க்ஷணானூ நில்பேட!" என்று உறுமிவிட்டு டெம்போவை நோக்கி நடந்தார். இந்த ஊரில் ஒரு கணமும் நிற்காதே என்று அப்பா சொன்னதும், புட்டசாமி அந்தக் கணமே நடுவாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

நஞ்சுண்டப்பா திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை.

"நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

வாசல்படியில் நின்றிருந்த வேடியம்மாள் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "ஏங்க, அந்தக் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணு மேல ஒரு கண் வச்சிருன்னு எங்கம்மா சொல்லி அனுப்புனாங்க. ரெண்டையும் வச்சா ஜாஸ்தி ஆயிடுமே."

வேடியம்மாள் உள்ளே போய்ப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா, எனக்கு இவரு போதும்" என்றாள்.

நஞ்சுண்டப்பா மகனைப் பார்த்தார். சுற்றிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். இந்தப் பையனை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அவனுக்காக ஏறி இறங்காத வீடு இல்லை. மெதுவாக அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "முகூர்த்தம் எப்போ இருக்கு?" என்று கேட்டார்.

புதன்கிழமையே இருந்தது. மாப்பிள்ளையை எழுப்ப முடியாததால் அவன் உட்கார்ந்த இடத்தைச் சுற்றியே பந்தல் போட்டார்கள். தாலி கட்டியதும் உட்கார்ந்தபடிதான். அக்கினியை வலம்வர அவனை அப்படியே ஒரு கட்டிலில் ஏற்றி நாலு பேர் தூக்கினார்கள். பெண் பின்னால் நடந்தாள்.

ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் அவன் நிற்கலாம் என்று பச்சமுத்து தீர்ப்புச் சொன்னார். எல்லைக்கல்லுக்கு அப்பால் மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். அதே கட்டிலில் சுமந்துவந்து கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினதும் புட்டசாமி எழுந்தான். வலது கால் அந்தப் பக்கம் ஊன்றியது. இடது கால் இன்னும் மந்தம்பட்டி எல்லைக்குள் இருப்பதைக் கவனித்து, அதைச் சட்டென்று தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான்.

"அவங்க பக்கத்து வழக்கம் போலிருக்கு" என்று மாதையன் கிசுகிசுத்தார். தீர்த்தகிரி உடனே ஒரு காலைத் தூக்கினார். பெண்ணும், பெண் வீட்டார் மொத்தப் பேரும் தூக்கினார்கள். அதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார், இது தமிழ்ப் பக்கத்துச் சடங்கு, சம்பந்திகள் மனம் கோணக் கூடாது என்று ஆரத்தித் தட்டோடு ஆளுக்கொரு காலைத் தூக்கினார்கள். இரண்டு காலில் நின்றது நஞ்சுண்டப்பா ஒருவர்தான். அக்கம்பக்கம் பார்த்தார். வெட்கமாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு காலைத் தூக்கினார்.

போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்து, "அப்படியே இருங்க, யாரும் அசையாதீங்க!" என்றார். அப்போதுதான் பிலிம் போட மறந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. வாங்கிவருவதற்காகத் தர்மபுரிக்குப் பஸ் ஏறினார்.