ஐந்தாம் அறையின் கதவு

மூங்கில் காட்டுக் குளக்கரையில் சடையன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். மூன்று கோடைக்காலம் மண்ணைத் தோண்டி அவன் ஒரு விளையாட்டுப் பொந்து கட்டினான். உள்ளே ஐந்து அறைகள். ஒவ்வோர் அறையின் முடிவிலும் ஒரு கதவுக்கல். புதிரை அவிழ்த்தால் கல் உருண்டு வழிவிடும். தவறு செய்தால் முதல் அறையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அறைகளில் ஒரு கதையும் உண்டு. உதிர்ந்த தன் முள்ளாலேயே சடையன் அதைப் படம்படமாகக் கீறியிருந்தான். காக்கையிடம் வாலைப் பறிகொடுத்த ஒரு பல்லி, அதைத் தேடிக்கொண்டு அறை அறையாகப் போகும் கதை.

மழைக்காலம் நெருங்கியது. ஒச்சம்மா என்ற காட்டுப்பன்றிக்கு அந்தப் பொந்தின் மேல் கண் விழுந்தது.

"விளையாடுறதுக்குன்னு ஒரு பொந்தா? மழை பெஞ்சா என் கூட்டம் எங்கே ஒதுங்கும்? மேட்டுப் பொந்துக்கு யாரு தினம் ஏறி இறங்குறது?" என்று காடெல்லாம் சொல்லி வந்தாள்.

மூன்றாம் நாள் காலை குளக்கரையில் கூட்டம் கூடுவதென்று முடிவாயிற்று. அதற்குள் கீரி செம்பன் ஆடிப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். நல்ல ஆட்டம் என்று அவன் சொன்னால் பொந்து சடையனுக்கு. இல்லையென்றால் ஒச்சம்மாவுக்கு.

செம்பனின் கருத்துக்குக் காட்டில் அவ்வளவு மதிப்பு. நீர்நாயின் சறுக்குப் பாறையோ குரங்குகளின் கொடித்தாவலோ, எது வந்தாலும் ஆடிப் பார்த்துச் சொல்வது அவன்தான். "புதிர் கஷ்டமா இருக்கலாம், களவாணித்தனமா இருக்கக் கூடாது" என்பான். "கதை சொல்றதுக்காக ஆடுறவனை நிக்க வெச்சா அது ஆட்டமில்லை, பிரசங்கம்" என்பான். இப்போது அவனுக்கு மீசை நரைத்துவிட்டது. சடையன் அவனுடைய பழைய சிநேகிதன்.

"நானும் கூட வரட்டா?" என்று கேட்டான் சடையன்.

"வேண்டாம்பா. தனியா ஆடினாத்தான் எனக்குப் புரியும்."

முதல் நான்கு அறைகளில் செம்பன் சொக்கிப்போனான். பல்லியின் படத்தை உற்றுப் பார்த்தால் புதிர் அவிழ்ந்தது. புதிர் அவிழ்ந்தால் கதை நகர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவே இல்லை.

ஐந்தாம் அறையில் மாட்டிக்கொண்டான். சுவரில் ஒன்பது கற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஒன்றை அழுத்த வேண்டும். எதை? தரையை முகர்ந்தான். சுவரைத் தடவினான். பல்லியைக் காணவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தி முதல் அறைக்குத் திரும்பினான். மறுபடி வந்தான். மறுபடி தவறு. உச்சிப்பொழுதில் தலையெல்லாம் மண்ணாக வெளியே வந்தான்.

வாசலில் முயல் பூவாயி உட்கார்ந்திருந்தாள். சடையன் முதலில் ஆட வைத்தது அவளைத்தான்.

"என்ன மாமா, உள்ளேயே குடித்தனம் வெச்சிட்டீங்களா? எனக்கு அந்த அறை ஒரு நொடி."

"ஒரு நொடியா?"

"எனக்கு மட்டுமா? குரங்குகூட முடிச்சிருச்சு." அவன் முகத்தைப் பார்த்து அவள் குரலைத் தாழ்த்தினாள். "முடிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போங்க மாமா. யாரு உள்ளே வந்து பார்க்கப் போறா?"

செம்பன் நடையைக் கட்டினான். அவள் சொன்னபடி செய்தால் சிநேகிதன் பிழைப்பான், தன் பெயரும் பிழைக்கும். ஆனால் மனசு ஆறவில்லை. நமக்குத்தான் மூளை மழுங்கிவிட்டதா? நீர்நாயின் ஆட்டத்தில் தோற்றவர்களை அவசரக்குடுக்கைகள் என்று எத்தனை முறை சிரித்திருக்கிறோம்? அவர்களில் எவனாவது சொன்னது சரியாக இருந்திருந்தால்? இத்தனை வருஷமாக நாம் சொன்னது கருத்தா, வெறும் வாய்க்கொழுப்பா?

மறுநாள் காலை சடையனிடம் போனான்.

"இன்னொரு தடவை ஆடுறேன். இந்தத் தடவை நீயும் வா."

ஐந்தாம் அறையில் செம்பன் முதல் கல்லை நோக்கிக் காலை நீட்டினான். பின்னால் சலசலவென்று ஒரு சத்தம். இரண்டாம் கல்லுக்குப் போனான். மறுபடி சலசல. மூன்றாவதுக்கும் அதே. நான்காம் கல்லுக்கு வந்ததும் சத்தம் நின்றது. அழுத்தினான். கதவு உருண்டது.

"பார்த்தியா? இவ்வளவுதான்" என்றான் சடையன் பூரிப்போடு.

செம்பனுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மூளை மழுங்கவில்லை. அடுத்த கணமே சடையனின் முதுகைத் திரும்பிப் பார்த்தான்.

"சடையா, நான் கண்டுபிடிக்கலை. உன் முள்ளு சொல்லிக் கொடுத்துச்சு."

"என்னய்யா உளர்றே?"

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே. உன் முதுகைக் கேளு."

கண்ணை மூடிக்கொண்டு செம்பன் கற்களைத் தடவினான். எட்டாவதில் சலசல. ஆறாவதில் சலசல. நான்காவதில் அமைதி. சடையன் தன் முட்களின் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ பூவாயி? குரங்கு?"

"நீ கூட நின்னியா?"

"நின்னேன். எல்லார் கூடவும் நின்னேன்."

"சரி, விடை எங்கேதான் இருக்கு?"

"மேலே" என்றான் சடையன். செம்பன் நிமிர்ந்தான். கூரைப் படத்தில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக முளைத்த வாலில் நான்கு வரிகள்.

"மேலே எவன் பார்ப்பான்? நாமெல்லாம் மூக்கைத் தரையில வெச்சு நடக்குறவங்க."

"அவ மேலே ஏறுறதுதான்யா கதையே. தேடி அலுத்துப்போய் ஏறுறா. அப்பத்தான் வால் முளைச்சிருக்கு. கீழே வரைஞ்சா கதை செத்துடும்."

"கதை நல்லாத்தான் இருக்கு. பார்க்கத்தான் ஆளில்லை."

சடையன் கூரைப் படத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கேட்டான்: "நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லப் போறியா?"

"சொல்லாம இருக்க முடியாது. ஆனா இன்னும் ஒரு பகல் மிச்சம் இருக்கு."

சடையன் எழுந்து குளத்துக்குப் போனான். முட்கள் அசையாதபடி சேற்றில் புரண்டு எழுந்தான். இதுவரை ஆடாத ஒரு பெருச்சாளியைக் கூப்பிட்டு உள்ளே விட்டான். தான் ஐந்தாம் அறையின் ஒரு மூலையில் சேற்று உருண்டையாகக் கிடந்து, அது எங்கே பார்க்கிறது என்று மட்டும் கவனித்தான். பெருச்சாளி தரையை விட்டு மூக்கை எடுக்கவே இல்லை. திட்டிக்கொண்டே திரும்பிப் போனது. சொல்லிவிடலாமா என்று சடையனுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

பெருச்சாளி போன பிறகு, உதிர்ந்த முள் ஒன்றை எடுத்தான். கற்களுக்குக் கீழே, தரையிலேயே, பல்லியின் சின்னஞ்சிறு காலடிகளைக் கீறினான். தரையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து கூரைக்கு. கூரைப் படத்தில் ஒரு கோடுகூட மாற்றவில்லை.

கூட்டம் கூடியது. எல்லோரும் செம்பனைப் பார்த்தார்கள்.

"நான் அஞ்சாம் அறையில தோத்துட்டேன்" என்றான் செம்பன். "முடிச்சவங்க எல்லாரும் சடையன் கூட நின்னதால முடிச்சாங்க. அது அவனுக்கே தெரியாது. நேத்து அதைச் சரிபண்ணியிருக்கான். சரியாச்சான்னு என்னால சொல்ல முடியாது, ஏன்னா எனக்கு இப்போ விடை தெரியும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "கீரிக்கே தெரியலையாம்" என்று யாரோ சொன்னார்கள். செம்பனின் காது சூடேறியது. ஆனாலும் நின்றான்.

"உள்ளே போகாதவங்க யாராவது தனியா ஆடட்டும். ஒச்சம்மா, நீயே போய்ப் பாரேன்."

"நானா? எனக்கு இந்தக் கிறுக்கெல்லாம் கிடையாது" என்றாள் ஒச்சம்மா. பிறகு என்ன நினைத்தாளோ, "சரி, எத்தனை பேர் படுக்கலாம்னு அளந்துட்டு வர்றேன்" என்று உள்ளே நுழைந்தாள்.

சடையன் குளத்தின் அக்கரைக்குப் போய் உட்கார்ந்தான். செம்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் ஏறியது. ஒச்சம்மா வரவில்லை. ஒருமுறை முதல் அறைப் பக்கமிருந்து அவள் உறுமல் கேட்டது. தோற்றுத் திரும்பியிருக்கிறாள். மறுபடி அமைதி.

வெகுநேரம் கழித்து, ஐந்தாம் அறைக்கு அப்பாலுள்ள வாசல் வழியாக அவள் வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்தப் பல்லிக்கு வால் முளைச்சிருச்சு" என்றாள். "அவ திரும்பியே பார்க்கலை. இன்னும் தேடிக்கிட்டே இருக்கா, பாவம்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒச்சம்மா எழுந்து தன் கூட்டத்தைப் பார்த்து, "வாங்க, மேட்டுப் பொந்தைப் போய்ப் பார்ப்போம்" என்றாள். நாலடி நடந்து திரும்பினாள்.

"நாளைக்கு என் தங்கச்சி வருவா. அவகிட்ட எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

தன் படைப்பின் பக்கத்திலேயே நின்று வழிகாட்டுபவன் அதன் குறையை அறியமாட்டான். தான் தோற்றதை மறைக்காமல் சொல்லும் நண்பனே அதை அவனுக்குக் காட்டுவான்.