உறையாக வந்த ஒரு கரண்டிச் சோறு

மார்கழிக் காலையில் பனியும் உலையின் ஆவியும் கலந்து, பூவனூர்க் கஞ்சிச் சாலை மேகத்தில் மிதப்பதுபோல் இருக்கும். ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் தருமத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பார்கள். சிவப்பு, வெள்ளை, புழுங்கல், பச்சை எல்லாம் கலந்த அந்த அரிசியில்தான் ஏழைகளுக்குக் கஞ்சி.

ஒருநாள் நிர்வாகி வைரவநாதர் ஒரே ஒரு படி அரிசியை நீட்டினார்.

"வந்தது இவ்வளவுதான். இருநூறு பேருக்கும் வயிறு நிறையணும். முடியலேன்னா கரண்டியை வெச்சிட்டுப் போ."

ஆவிக்குள்ளிருந்து சமையற்காரி மாடத்தி சிரித்தாள். "பெருக்கிடலாம் ஐயா. பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, புண்ணியவான் வீட்டுச் சோறு ஒரு கரண்டி விழணும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே வீட்டிலிருந்து சோறு வரவழைத்தார்.

அரிசி கொண்டுவந்திருந்த பெண்கள் முன்னால் மாடத்தி அதை வாழையிலையில் பரப்பினாள். சிவப்பும் வெள்ளையும், பருத்ததும் சன்னமுமாகச் சிரித்தது சோறு.

"எந்த வீட்டு உலையிலயும் நாலு அரிசி ஒண்ணா வேகாதே, ஐயா!"

பெண்கள் இலையைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

உச்சிவேளைக்குள் அவர் வீட்டிலிருந்து பதினோரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. கடைசி மூட்டையைச் சுமந்து வந்தவர் வைரவநாதரேதான்.

"சொன்னேனே, உறை விழுந்தா பெருகும்னு" என்றபடி மாடத்தி கஞ்சியைக் கிளறினாள்.