சகலைகள் வாங்கிய கப்பல் கார்

விளாத்திகுளத்துக்குத் தெற்கே புங்கங்குளம் என்ற ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஐந்து பெண்கள். நான்கு பேரைக் கட்டிக் கொடுத்திருந்தார். நான்கு மருமகன்களுமே தங்கமானவர்கள். குடிக்க மாட்டார்கள், சண்டை சச்சரவுக்குப் போக மாட்டார்கள், சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள்.

இந்தக் கடைசிக் குணம்தான் அவரைப் பாதி ஆளாக்கியிருந்தது. ஒருமுறை மிளகாய் வத்தலைக் காயப் போட்டுவிட்டு, மழை வந்தால் அள்ளி உள்ளே போடுங்கள் என்று சொல்லிப் போனார். வந்தது மழையல்ல, முப்பது ஆடுகள். நான்கு சகலைகளும் வானத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மாசி மாதம் கடைக்குட்டிக்குக் கல்யாணம் வைத்தார். மூத்த மருமகன் உலகநாதனைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு நல்ல காராப் பிடிச்சு வாங்க" என்றார். கல்யாணத்தன்று ஒரு நாள் வாடகைக்குத்தான் சொன்னார்.

நால்வரும் கோவில்பட்டிக்குப் போனார்கள். ஒரு பழைய சாமான் கடையின் பின்னால் கப்பல் மாதிரி ஒரு வெளிநாட்டுக் கார் நின்றது. ஏதோ எஸ்டேட் முதலாளி ஒரு காலத்தில் ஏறியது. தோல் சீட்டு, உள்ளே தேக்குப் பலகை, ஏசி. விலையோ ஒரு ஜோடி மாட்டு விலைதான். மாமா தெளிவாகச் சொல்லியிருக்கிறார், நமக்குப் பிடிக்க வேண்டும், பிடித்ததை வாங்க வேண்டும் என்றான் உலகநாதன். பிடித்திருந்தது. வாங்கிவிட்டார்கள்.

ஊர் வந்து சேருவதற்குள் கார் பதினோரு இடத்தில் நின்றது.

ஆவுடையப்பன் காரைப் பார்த்தார், மருமகன்களைப் பார்த்தார், மெக்கானிக் யாக்கோபுக்கு ஆள் அனுப்பினார். யாக்கோபு கெட்டிக்காரர். ஆனால் அன்று பார்த்துத் தூத்துக்குடியில் அவர் மகளுக்குப் பிரசவ வலி. காரை அவசரமாகத் திறந்து பார்த்துவிட்டு, பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே வேலையை வரிசைப்படுத்திச் சொன்னார்.

"பேட்டரி செத்துப்போச்சு, எடுத்துட்டு வேற வைங்க. அடுத்தது, வழியில வண்டியை நிறுத்துற சாமான் எதுவோ அதைக் கழட்டி வைங்க, வந்து பாக்கேன். ஏசியை இப்பத் தொட வேண்டாம். பாலீஷ் போடுறது கடைசி."

பஸ் போய்விட்டது.

முதல் வேலை பேட்டரி. செத்துப்போனதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால் அன்று சாயந்தரமே குளத்தங்கரையில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். இரண்டாவது சகலை வெயிலுமுத்து இளகிய மனசுக்காரன். மூன்றாம் நாள் போய்ப் பாலும் ஊற்றிவிட்டு வந்தான். காலியான இடத்தில் வேற வைக்க வேண்டுமே. வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் நெய் டின் கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டாவது வேலைக்குத்தான் ஆலோசனை தேவைப்பட்டது.

"நிறுத்துற சாமான்னா எது?" என்று கேட்டான் கடைசி சகலை பிச்சாண்டி.

மூன்றாவது சகலை சங்கிலிதான் நால்வரில் மூளைக்காரன். அவன் காருக்குள் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தான். "மிதிச்சா நிக்குதுல்லா, அதுதான்."

"அது பிரேக்குல்லா சகலை?"

"பேரு என்னவா இருந்தா என்ன? பதினோரு இடத்துல வண்டி நின்னுச்சு. நின்னு முடிச்ச நேரத்துல ஓட்டினவரு கால் எங்க இருந்துச்சுன்னு கேளுங்க."

உலகநாதன் பொய் சொல்லத் தெரியாதவன். பதினோரு தடவையும் பிரேக்கில்தான் இருந்தது என்று தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான்.

இவ்வளவு நாளாக இந்தக் காரை வாங்கினவர்கள் யாருக்கும் இது புலப்படவில்லையே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மிதிக்கிற பிரேக்கைக் கழற்றினார்கள். கையால் இழுக்கிற பிரேக் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது, அதையும் விடவில்லை. எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டி, கார் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். ஏசி பக்கம் யார் கையும் போகாமல் அதைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

யாக்கோபின் மகளுக்குப் பிரசவம் தள்ளிப் போனது. அவர் வரவில்லை. கல்யாண நாள் வந்துவிட்டது.

மாப்பிள்ளை செண்பகராஜைப் பிள்ளையார் கோயிலிலிருந்து அழைத்து வர வேண்டும். கோயில் மேட்டில் இருக்கிறது, மண்டபம் இறக்கத்தில். நெய் டின்னை வைத்துக்கொண்டு கார் கிளம்பாது என்பதால் விடிவதற்கு முன்பே பத்துப் பேர் தள்ளி மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உலகநாதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். மேளக்காரர்கள் முன்னே வாசித்துக்கொண்டு நடந்தார்கள். எல்லா வேலையும் முடிந்து கடைசி வேலை வந்துவிட்டபடியால், வெயிலுமுத்து துணியை எடுத்துப் பாலீஷ் போட ஆரம்பித்தான். பிச்சாண்டி கல்லை எடுத்தான்.

கார் கிளம்பியது. பதினோரு இடத்தில் நின்ற கார் இப்போது ஓரிடத்திலும் நிற்கவில்லை என்பதைக் கவனித்து சங்கிலி பெருமிதப்பட்டான். மேளக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நாயனம் மட்டும் நிற்கவில்லை. வெயிலுமுத்து கதவைத் துடைத்துக்கொண்டே கூட ஓடினான். மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் தட்டை உயர்த்தியபோது கார் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

போன கார், சுப்பையா நாடாரின் களத்தில் காயப் போட்டிருந்த மிளகாய்க் குவியலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ஊர் மொத்தமும் தும்மிக்கொண்டே அங்கே ஓடியது.

முன்னால் ஓடி வந்தவர் ஆவுடையப்பன். காருக்குள் மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. வாயை இறுக மூடிக்கொண்டு தும்முகிறார். ஏன் இறங்கவில்லை, ஏன் ஒரு சத்தம்கூடப் போடவில்லை என்று ஆவுடையப்பன் பதறிக் கேட்டார். மாப்பிள்ளையின் தாயார்தான் மூச்சு வாங்க வந்து சொன்னாள். மண்டபத்துக்குள் நுழையும்வரை வாயைத் திறக்காதே, யாராவது கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் இறங்க வேண்டும் என்று அவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாளாம். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அந்த நிலையிலும் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

ஆவுடையப்பன் களத்து வரப்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"இதுவுமா?" என்றார்.

நான்கு சகலைகளின் முகமும் மலர்ந்தது. ஆளுக்கொரு கையாக நீட்டி மாப்பிள்ளையை இறக்கி, நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணிக்குத் தாலி ஏறியது.

மறுநாள் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு யாக்கோபு வந்தார். பிரேக் எங்கே என்று கேட்டார். மஞ்சள் பையைக் கொடுத்தார்கள். நெய் டின்னையும் பார்த்தார். ஆவுடையப்பன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதால், மூன்று நாள் உட்கார்ந்து, புது பேட்டரி வைத்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். போகும்போது, இனிமேல் இந்த வண்டி என் கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் கார் கடைத்தெருவில் மறுபடி நின்றது.

ஐந்து சகலைகளும் கூடிப் பேசினார்கள். இந்த வண்டியின் வைத்தியம் தெரிந்தவர் யாக்கோபு ஒருவர்தான். ஆனால் அவர் கண்ணில் படக் கூடாது. கார் முழுக்க வைக்கோல் போட்டு மூடலாமா என்றான் பிச்சாண்டி. மூடினால் அவர் எதை ரிப்பேர் பார்ப்பார் என்றான் சங்கிலி. வெயிலுமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

புது சகலை செண்பகராஜ் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "வண்டி பெரிசு, மறைக்க முடியாது. அண்ணாச்சி கண்ணு சின்னதுதான?"

அன்று யாக்கோபு ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு துண்டு வந்து அவர் கண்ணை இறுக்கிக் கட்டியது.

"அவுத்துராதீங்க அண்ணாச்சி, வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றது உலகநாதனின் குரல்.

நாலு பேர் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. யாரோ அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, எழுப்பி நடத்திக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யாக்கோபு அலுத்துப்போய், "சரி, எதை முதல்ல பாக்க?" என்று கேட்டார்.

"பாக்கக் கூடாது அண்ணாச்சி" என்றார் செண்பகராஜ், மிகவும் மரியாதையாக. "கை எதுல படுதோ அதுல ஆரம்பிங்க."