நாண் கழற்றாத வில்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு மன்னர் இருந்தார். நாட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. கதை சொன்னவரிடம் இனிக் கேட்கவும் முடியாது.

ஒருநாள் தளவாய் அதிவீரர், "நாண் கழற்றிய வில் தோற்றுப்போன வில்லைப் போல இருக்கிறது, அரசே" என்றார். மன்னருக்கு அது பிடித்துப்போயிற்று. தம் மூங்கில் வில்லின் நாணை இனிக் கழற்றவே கூடாது என்று ஆணையிட்டார். வில் செய்த மாடன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தளவாய் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

கோடை போய் மழை வந்தது. வேட்டையில் மன்னர் விட்ட அம்பு பாதி வழியில் புல்லில் விழுந்தது. மான் திரும்பிப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது.

மன்னருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதே வில், அதே கை. காற்று என்றார் ஒருவர். கிரகம் என்றார் சோதிடர். அம்பின் இறகு ஈரம் என்றார் இன்னொருவர். காய்ந்த அம்பும் அங்கேயே விழுந்தது.

"மூங்கில் கெட்டது. மாடனின் கட்டைவிரலை வெட்டிவிடலாம்" என்றார் தளவாய்.

"மூங்கில் நல்லதுதான், அரசே" என்றான் அரசவை விகடன் மல்லாண்டி. தளவாய்க்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"மாலைக்குள் நிரூபிக்கட்டும். இல்லையென்றால் இவன் விரலும் போகட்டும்" என்றார் தளவாய்.

மன்னர் தலையசைத்தார்.

"தளவாய் அவர்களே, தினமும் என்ன சொல்லி வணங்குகிறீர்கள்?" என்று கேட்டான் மல்லாண்டி.

"மன்னர் முன் என் முதுகு என்றும் வளைந்தே இருக்கும் என்பேன். அதற்கென்ன?"

"இருந்து காட்டுங்கள்."

தளவாய் குனிந்தார். மன்னர் எழவில்லை, உணவுகூட அங்கேயே வந்தது. ஆகவே தளவாயும் நிமிரவில்லை. சிரிப்பதா வருந்துவதா என்று அவையோருக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்தது. "இப்போது நிமிர்ந்து ஈட்டி எறியச் சொல்லுங்கள், அரசே."

தளவாய் பாதிதான் நிமிர்ந்தார். ஈட்டி அவர் காலடியிலேயே விழுந்தது.

"நேற்றுவரை கோட்டை மதிலைத் தாண்டி எறிந்தவர்" என்றான் மல்லாண்டி. "எலும்பு கெட்டதோ? இவரைப் பெற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்களோ?"

மன்னர் ஈட்டியைப் பார்த்தார். வில்லைப் பார்த்தார். தாமே நாணைக் கழற்றினார். வில் வளைந்தபடியே கிடந்தது. மாடனை அழைத்துவரச் செய்தார்.

"மாடா, இது நிமிருமா?"

"கொஞ்சம் நிமிரும் மகராசா, முழுசா நிமிராது. புதுசு செஞ்சு தாரேன். வேலை முடிஞ்சதும் நாணைக் கழட்டிருங்க. அதுவும் படுத்துத் தூங்கணும்ல."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் பட்டுச் சால்வையை மல்லாண்டிக்குக் கொடுத்தார். அவன் அதைத் தளவாயின் முதுகில் விரித்தான்.

"இங்கேயே இருக்கட்டும், அரசே. நழுவி விழாது."