இருமல் அடுப்பும் ரெண்டாவது பிஸ்கட்டும்

ஏட்டி குழலி, காலை இந்தப் பக்கம் மடக்கு, அத்தை முதுகுல இடிக்குது. ஆங், அப்படிப் படு. நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும், பாத்துக்கோ. நீ நிறுத்தினா நானும் நிறுத்திருவேன், எனக்கும் தூக்கம் வருது.

ஒரு ஊர்ல ஒரு அடுப்பு இருந்துச்சாம்.

"ம்."

நம்ம வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி இல்ல. பேக்கரி அடுப்பு. செங்கல்லை அடுக்கி, மண்ணைப் பூசி, ஒரு ஆள் குனிஞ்சு பாக்குற மாதிரி பெரிய வாய் வச்சு, புகை போக கூரைக்கு மேல ஒரு குழாய் வச்சுக் கட்டினது. அந்த அடுப்பு பேசும்.

"அடுப்பு பேசுமா அத்தை?"

பேசும்னா பேசும். அது பேசலைன்னா எனக்குக் கதையே கிடையாது. கேளு.

அந்தப் பேக்கரிக்காரர் செத்துப்போயிட்டாரு. அவருக்கு ஒரே மக, செண்பகவடிவு. எல்லாரும் வடிவுன்னு கூப்பிடுவாங்க. அப்பா இருந்தப்போ அவர் அடுப்புல பன்னும் ரொட்டியும் சுடுவாரு, இவ வீட்டுல சப்பாத்தி சுடுவா. அவ சப்பாத்தி எப்படி இருக்கும் தெரியுமா? மழைக்குப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம், அம்புட்டு மெதுவா இருக்கும். மாவை அந்தப் பிசை பிசைவா. சொத்து சொத்துன்னு அடிச்சு, அமுக்கி, உருட்டி, மறுபடியும் அமுக்கி... பிசையிறதுல அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ. இதாலதான் அவ மாட்டிக்கிட்டா.

"ம்."

அப்புறம் அவளுக்கு ஒரு சித்தப்பா. பேரு பூதத்தான். உரக்கடை வச்சிருந்தாரு. முறுக்கு மீசை. அவர் கடை மூட்டைக்கு எல்லாம் பச்சைக் கயிறுதான் கட்டுவாரு, அது அவருக்கு ஒரு பெருமை. ஒரு நாள் தோள்ல கடப்பாரையை வச்சுக்கிட்டு திங்கு திங்குன்னு வந்து நின்னாரு.

"ஏட்டி வடிவு, கட்டடம் எனக்கும் உங்கப்பாவுக்கும் பொது. அண்ணன் போயாச்சு. அடுப்பை இடிச்சுட்டு உரமூட்டை அடுக்கப்போறேன்."

வடிவு ஓடிப்போய் அடுப்பை மறிச்சுக்கிட்டு நின்னா. அவளுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல, பேச்சுத் துணைக்கு அந்த அடுப்புதான். "இடிக்காதீங்க சித்தப்பா, நான் பேக்கரியை நடத்துதேன்"னா.

"சப்பாத்தி சுடுற பிள்ளை பேக்கரி நடத்தப்போறாளாம்!"

அவர் சொல்லி வாய் மூடலை, வானம் பிச்சுக்கிட்டு ஊத்துது. சோஓஓஓன்னு மழை. ஆத்துப் பாலம் முங்கிப்போச்சு. பஸ்ஸு வழியில நின்னு, அதுல இருந்த சனம் மொத்தமும் பேக்கரி வாசல்ல வந்து ஒதுங்கிக்கிச்சு. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, கண்டக்டர், கல்யாணத்துக்குப் போற கூட்டம்னு எல்லாருக்கும் பசி. அத்தனை பேர் முன்னாடி கடப்பாரையை ஓங்க முடியாம, சித்தப்பா மீசையைத் தடவிக்கிட்டு ஒரு பந்தயம் கட்டினாரு.

"சரிட்டி. மழை விடுறதுக்குள்ள ஒரு பிஸ்கட் சுட்டுக் கொடு. ஒண்ணு திம்பேன். ரெண்டாவதுக்கு என் கை தானா நீண்டுச்சுன்னா அடுப்பு உனக்கு. நீளலைன்னா கடப்பாரை."

"சரி"ன்னுட்டா. சொல்லிட்டு உள்ள போய்ப் பாத்தா மைதா ஒரு பிடி இல்ல. சீனி டப்பாவுல கூரை ஒழுகி, சீனியெல்லாம் பாகாப் போச்சு. மிச்சம் இருந்தது என்ன? வீட்டுக் கோதுமை மாவு, வெண்ணெய், மோர், உப்பு, சோடா உப்பு, மிளகு, ஓமம், கறிவேப்பிலை. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. அப்போ அடுப்பு வாயைத் திறந்துச்சு.

"அழாதே பிள்ள. கோதுமை போதும். சீனி எதுக்கு, உப்பு பிஸ்கட் சுடுவோம். மிளகு ஓமம் தட்டிப் போடு, கறிவேப்பிலை கிள்ளிப் போடு, சோடா உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயைப் போட்டு நல்லா பிசி... லொக்கு! லொக்கு லொக்கு லொக்கு!"

அம்புட்டுதான், வாயெல்லாம் புகை. வடிவு கண்ணைக் கசக்கிக்கிட்டு, "என்னது, பிசையணுமா? அதுக்கென்ன, பிசைஞ்சாப் போச்சு!"ன்னா.

பிசைஞ்சா. சொத்து சொத்து சொத்து. மாவு இழுத்தா ரப்பர் மாதிரி வருது. வட்டமா வெட்டி உள்ள வச்சா. அடுப்பு வாங்கி ஒரு கடி கடிச்சுது, கடக்! மறு கடி, கடக்! அப்புறம், தூ! ஒரே துப்பு. பிஸ்கட் பறந்து போய் செவுத்துல டங்குன்னு பட்டு, செவுத்துச் சுண்ணாம்பு உதிர்ந்துச்சு. பிஸ்கட்டுக்கு ஒண்ணும் ஆகலை.

"ஹி ஹி."

சிரிக்காதே, ம் சொல்லு.

"ம்."

மழை இப்போ சோன்னு இல்ல, சடசடசடன்னு ஆயிருச்சு. வடிவு யோசிச்சா: பிசைஞ்சது பத்தலை போல. "இன்னும் எப்படிச் செய்யணும், சொல்லு"ன்னு அடுப்பைக் கேட்டா. அது என்ன சொல்லும் பாவம்? "ஐயோ, பிசி... லொக்கு! பிசி... லொக்கு லொக்கு!" சித்தப்பாவும் திண்டுல சாஞ்சுக்கிட்டு, "ஆமாட்டி, நல்லாப் பிசை, விடாதே"ன்னு கூடவே ஒத்து ஊதுதாரு. வடிவு முட்டி போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் பிசைஞ்சா பாரு ஒரு பிசை! தோள்பட்டை கழண்டுரும் போல வலிக்குது. வெட்டி வச்சா. அடுப்பு, தூ! இந்த வாட்டி பிஸ்கட் எங்க விழுந்துச்சு தெரியுமா? சித்தப்பா கால் பெருவிரல்ல. டொங்!

"ஆ! ஐயோ! அம்மா!" ஒத்தைக் கால்ல திங்கு திங்குன்னு குதிக்காரு. பஸ்ஸு சனம் அந்தப் பசியிலயும் சிரிக்குது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இன்னொரு தடவை சொல்லட்டா? டொங்!

"ம்... ஹி ஹி."

மழை இப்போ சொட்டு... சொட்டு... சொட்டு. மேற்க வெளிச்சம் வேற வந்துருச்சு. சித்தப்பா கடப்பாரையை எடுத்துக் கையில பிடிச்சுக்கிட்டாரு. வடிவு மூணாவது வாட்டி மாவுல கையை வச்சா. வச்ச கை அப்படியே நின்னுபோச்சு.

"இதென்ன, எப்பப் பாத்தாலும் இப்படி இருமுது? எங்கப்பா இருக்கும்போது இது ஒரு தும்மல்கூடப் போட்டது கிடையாதே!"

"ஈர விறகுட்டி. மழைக்காலம்லா. நீ மாவைப் பிசை"ன்னாரு சித்தப்பா, அவசர அவசரமா.

வடிவு விறகைத் தொட்டுப் பாத்தா. பரண் மேல கிடந்த விறகு, காஞ்சு மொறமொறன்னு இருக்கு. அவ்வளவுதான், பாவாடையைத் தூக்கிச் சொருகுனா, தொரட்டிக் கம்பை எடுத்தா, கூரை மேல சரசரன்னு ஏறிட்டா. "ஏய், விழுந்து தொலைக்காதே, இறங்கு!"ன்னு சித்தப்பா கீழ கிடந்து கத்துதாரு. அவ காதுலயே போட்டுக்கலை. புகைக் குழாய்க்குள்ள தொரட்டியை விட்டு ஒரு இழு. வரலை. இன்னொரு இழு. வரலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு மூணாவது இழு, பொளக்! கருகிப்போன ஈரச் சாக்கு ஒண்ணு வந்து, எல்லார் முன்னாடியும் பொத்துன்னு விழுந்துச்சு. சாக்கு வாயில என்ன கட்டியிருந்துச்சு, சொல்லு பாப்போம்?

"பச்சைக்... கயிறு."

என் தங்கம்! தூங்கிட்டியோன்னு நினைச்சேன். பச்சைக் கயிறேதான். சனமெல்லாம் சித்தப்பாவைத் திரும்பிப் பாத்துச்சு. அவர் வானத்தைப் பாத்துக்கிட்டு, "காத்துல பறந்து போய் விழுந்திருக்கும்"னாரு. தானாப் பறந்து, தானா நுழைஞ்சு, தானா அடைச்சுக்கிட்டதாம்! வெக்கங்கெட்ட மனுசன்.

அப்போ அடுப்பு ஃபூஊஊஊன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. புகையெல்லாம் மேல போயிருச்சு. தொண்டை தெளிஞ்சு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துச்சு.

"பிசிறு! பிசிறு! பிசையாதே பிள்ள, பிசிறு! முதல்ல இருந்து இதைத்தான் கத்துதேன், எவன் கேட்டான்!"

வடிவு நெத்தியில படார்னு அடிச்சுக்கிட்டா. சப்பாத்திக்குத்தான் பிசையணும். புட்டு மாவுக்கு என்ன செய்வோம்? பிசிறுவோம். உன் கையைக் கொடு, காட்டுதேன். இந்தா, இப்படி, விரல் நுனியில மட்டும் வெண்ணெயையும் மாவையும் தேய்ச்சுத் தேய்ச்சு உதுத்து விடணும். உள்ளங்கை படவே கூடாது. கூசுதா? கூசட்டும்.

ஆனா பழகின கை சும்மா இருக்குமா? அதுபாட்டுக்கு அமுக்கப் போகுது. "ஏ கையே, பேசாம இரு!"ன்னு வடிவு அதை ஒரு அதட்டு அதட்டுனா. மாவு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. மோரைத் தெளிச்சு, சேர்ந்தும் சேராம திரட்டி, தட்டி, டம்ளர் வாயால வட்ட வட்டமா வெட்டி, ஈர்க்குச்சியால பொட்டுப் பொட்டா குத்துனா. நெருப்புக் கங்கை வெளிய இழுத்துப் போட்டுட்டு, அந்தச் சூட்டுல உள்ள வச்சா.

கொஞ்ச நேரத்துல வந்துச்சு பாரு ஒரு வாசனை! ஓமம், மிளகு, வெண்ணெய், சிவந்த கோதுமை... கைப்பிள்ளை அழுகையை நிறுத்திருச்சு. கல்யாணக் கூட்டம் மூக்கைத் தூக்கிக்கிட்டு வரிசையா வந்து நின்னுச்சு. அடுப்பு துப்பலை. தட்டை மெதுவா நீட்டி, "ம்ம்ம்"னுச்சு. உன்னை மாதிரி.

"ம்..."

வடிவு ஒண்ணை எடுத்துச் சித்தப்பா கையில கொடுத்தா. சித்தப்பா கடிச்சாரு. கருக்! மொரு மொரு மொரு. மூஞ்சியை விறைப்பா வச்சுக்கிட்டாரு. மீசையெல்லாம் தூள். ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கூரையில இருந்து கடைசிச் சொட்டு விழுந்துச்சு, ணங்! மழை விட்டுருச்சு.

"உப்பு கூடிப்போச்சு. மிளகு கம்மி. இதெல்லாம் ஒரு பிஸ்கட்டா?"ன்னாரு. இடது கையால கடப்பாரையைத் தூக்குனாரு.

அப்போ கண்டக்டர் கத்துனாரு, "பெரியவரே, கை! உங்க வலது கையைப் பாருங்க!"

வலது கை தட்டுல இருந்துச்சு. அவருக்கே தெரியாம போய், ரெண்டாவது பிஸ்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு!

ஓஓஓன்னு சனம் போட்ட சத்தத்துல பாலமே அதிர்ந்திருக்கும். வடிவு அழுதுக்கிட்டே சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே எல்லாருக்கும் சுடச்சுட பிஸ்கட் அள்ளிக் கொடுத்தா. அடுப்பு, "நான் அப்பவே சொன்னேன், நான் அப்பவே சொன்னேன்"னு பெருமை தாங்காம திரும்பத் திரும்பச் சொல்லுது. சித்தப்பாவோ, கையில இருந்ததைத் தின்னுட்டு மூணாவதும் எடுத்துக்கிட்டாரு. அந்தக் கடப்பாரை? அதை வடிவு வாங்கிக்கிட்டா. இன்னைக்கும் அந்த அடுப்புல கங்கு இழுக்குறதுக்கு அதுதான்.

கதையும் வெந்துருச்சு, கங்கும் ஆறிருச்சு. கண்ணை மூடிக்கோ.

என்னட்டி, தூக்கத்துல கையை நீட்டுத? ரெண்டாவதா? இந்தா, இந்தா, எடுத்துக்கோ. நாளைக்கு நிசமாவே பிசிறித் தாரேன்.